கொசுவின் வயிற்றில் கறுத்த புள்ளிகள்

சுவரில் கொசு உட்கார்ந்தால் மற்றவர்கள் உடனே அடிப்பார்கள். நான் அடிக்க மாட்டேன். அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். உடம்பைச் சுவரோடு ஒட்டவைத்துக் கூன் விழுந்த மாதிரி இருந்தால் அது நம் ஊர்க் கொசு. தலையைச் சுவரில் குத்தி, வாலை மேலே தூக்கி, பாதி அடித்து விட்ட ஆணி சாய்ந்து நிற்கிற மாதிரி இருந்தால் அது வேறு தீவிலிருந்து வந்தது. அப்படி ஒன்றை இந்த ஃபிஜியில் நான் இன்றுவரை பார்த்ததில்லை. பார்த்துவிடக் கூடாதே என்றுதான் பார்க்கிறேன். என் பெண்சாதி உயிரோடு இருந்தவரை இதற்காக என்னைக் கேலி செய்வாள். இப்போது பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அவர்கள் இந்தியில் கேலி செய்வதால் எனக்கு அவ்வளவாக உறைப்பதில்லை.

நான் எங்கள் தமிழர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படிக்க அப்பா விடவில்லை, கரும்பு விடவில்லை. இருந்தாலும் லவுத்தோக்கா டவுனில் என் பஸ் போகாத ரோடு கிடையாது. என் எழுத்தில் பிழை இருக்கும், என் பஸ்ஸில் பிழை இருக்காது. படித்தவர்கள் எழுதட்டும் என்று இவ்வளவு காலம் விட்டுவைத்தேன். அவர்கள் இதை எழுத மாட்டார்கள். அவர்கள் என் அக்கா வீட்டுக்கு வந்தார்கள், பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள், பேசாமல் போய்விட்டார்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை கூட இருந்தவன் நான் ஒருவன்தான்.

அது பட்டாளத்துக் காலம். ஜப்பான்காரனோடு சண்டை வடக்கே சாலமன் தீவுகளில் நடந்தது. எங்கள் பக்கத்தில் அமெரிக்காக்காரன் முகாம் போட்டிருந்தான். அங்கே கொசு பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். கூலி நல்ல கூலி என்பதால் ஒரு கூட்டமே போனது. பிடித்த கொசுவை வளர்க்க வேண்டும், வளர்க்க அதற்குத் தன் கையையே தீனியாகக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். வலை கட்டின பெட்டியின் மேல் கையை வைத்தால் கீழேயிருந்து நூற்றுக்கணக்கில் ஊசி ஏறும். நான் அசையவே மாட்டேன். இந்த முகாமில் உன் கை மாதிரி ஒரு கை இல்லை என்று முகாமின் வெள்ளைக்கார டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அந்த டாக்டருக்கு ஒரே ஒரு கேள்விதான். சாலமனிலிருந்து மலேரியாவோடு திரும்பிய சிப்பாய்கள் முகாமில் கூடாரம் கூடாரமாகப் படுத்திருந்தார்கள். அவர்களைக் கடித்த நம் ஊர்க் கொசு அந்த நோயை ஊருக்குள் கொண்டுபோகுமா, போகாதா. அதற்காக நான் வளர்த்த கொசுக்களைச் சிப்பாய்களின் கையில் கடிக்க விடுவோம். பிறகு சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு கொடுத்துச் சில நாள் உயிரோடு வைத்திருப்போம். அப்புறம் டாக்டர் ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தகட்டில் போட்டு, ஊசி முனையால் அதன் வயிற்றை வெளியே இழுத்து, பூதக்கண்ணாடிக் குழாயில் பார்ப்பார்.

எனக்கும் பார்க்கக் கொடுத்தார். அவர் பேசுவது இங்கிலீஷ், நான் பாதியைக் காதாலும் பாதியைக் கையாலும் வாங்கிக்கொண்டேன். வடக்குத் தீவிலிருந்து கொண்டுவந்த கொசுவின் வயிறு ஒரு தகட்டில் இருந்தது. அதன் மேல் ஜவ்வரிசி ஒட்டின மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது. ரத்தத்தோடு போன நோயின் விதை அங்கே அப்படி முளைக்குமாம். முற்றினால் வெடித்து, ஆயிரக்கணக்கில் பெருகி, கொசுவின் எச்சிலுக்கு ஏறி, அடுத்த ஆள் உடம்பில் இறங்குமாம். நம் ஊர்க் கொசுவின் வயிற்றைப் பார்த்தால் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. விதை உள்ளே போகிறது, ஆனால் பிழைப்பதில்லை. சரியாக என்ன செய்து அதைக் கொல்கிறது என்று டாக்டருக்கே முழுதாகத் தெரியவில்லை.

இன்னொரு தகடு இருந்தது. அதுவும் வடக்குத் தீவுக் கொசுதான். அதன் வயிற்றில் ஜவ்வரிசிக்கு நடுவே கடுகு சிதறின மாதிரி கறுப்புப் புள்ளிகள். எல்லாக் கொசுவும் விதைக்கு இடம் கொடுப்பதில்லை, சிலதின் உடம்பு அதைக் கண்டுபிடித்து, சுற்றிலும் கறுப்பு ஓடு கட்டி, உள்ளேயே சாகடித்துவிடும் என்றார் டாக்டர். இரண்டு கையையும் குவித்து மூடிக் காட்டினார். உயிரோடு உள்ளே வைத்து ஆணி அடிக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மாமா திரும்பி வந்தார். மாமா என்றால் என் அக்காவின் புருஷன். தச்சு வேலைக்காரர். பட்டாளத்துக்குத் தச்சர் வேண்டும் என்று கப்பலில் ஏற்றி வடக்கே கொண்டுபோயிருந்தார்கள். போகும்போது கதவு மாதிரி இருந்த மனுஷர், வரும்போது கதவுச் சட்டம் மாதிரி வந்தார். அங்கே என்ன வேலை என்று கேட்டால் பலகை வேலை என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

அவர் வந்த சமயம் எங்கள் குடியிருப்பில் மாரியம்மனுக்குத் தீமிதி. காப்புக் கட்டுகிற நாள். பிற்பகலில் சர்க்கரை மில்லின் சங்கு ஊதியது. ஊதி ஓயவில்லை, கோயில் முன்னால் நின்றிருந்த மாமாவுக்கு நடுக்கம் கண்டது. பல் கடகடவென்று அடித்தது. கண் மேலே செருகியது. விழுந்தவர் வலது கையை மட்டும் தூக்கித் தூக்கி மண்ணில் அடித்தார். எங்கள் பூசாரி கரும்பு வெட்டுக் கூட்டத்துக்குச் சர்தாராகவும் இருந்தவர். அவர் ஒரு சொல் சொன்னால் வெயிலில் வெட்டுகிறவன் நிற்பான், நிற்கிறவன் வெட்டுவான். அவர் மாமாவின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். அனல். உடனே வேப்பிலை கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் மாமா சாதாரணமாக எழுந்து கஞ்சி குடித்தார். அதற்கு அடுத்த நாள் பிற்பகல் மில் சங்கு ஊதிய அதே நேரத்தில் மறுபடி நடுக்கம். ஒரு நாள் விட்டு மறுபடி. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமில்லை. சாமியாடிகள் எல்லாம் உடுக்கை அடித்துக் கூப்பிட்டால்தான் ஆடுவார்கள். இவருக்கோ கூப்பிடாமலே, சொன்ன நேரத்துக்கு ஆத்தா வருகிறாள். ஊர் எங்கும் இதே பேச்சு. மாமா வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு ராவுத்தர் வீடு. அவர் மட்டும் வேலிக்கு அந்தப்புறம் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதே தம்பி. உங்க ஆத்தா கையில கடியாரம் கட்டிக்கினு வரா மாதிரி கீதே."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. முகாமில் சிப்பாய்கள் இதே நடுக்கத்தை இதே மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுங்குவதை நான் தினம் பார்க்கிறவன். ஆனால் மாமா வீடு அதற்குள் வீடாக இல்லை. வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. அம்மை கண்ட வீட்டு முறையெல்லாம் அங்கே வந்துவிட்டது. உள்ளே தாளிக்கக் கூடாது. செருப்பு ஏறக் கூடாது. காலையில் பூசாரி அரைத்துத் தரும் வேப்பிலை உருண்டையைத் தவிர வேறு மருந்து கூடாது. புகை போடவே கூடாது, ஆத்தாவுக்குக் கண் கரிக்கும். புகை இல்லை என்றதும் சுற்று வட்டாரத்துக் கொசு எல்லாம் அந்த வீட்டுக்குக் குடிவந்தது. காலில் வெள்ளைப் பட்டை போட்ட பகல் கொசுக்கள். மாமாவின் முதுகில் மிளகு தூவின மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அதை அடிக்கக் கூடாது என்று உத்தரவு. ஆத்தா இறங்கிய உடம்பின் ரத்தத்தைக் குடித்த கொசு அது. சில நாளில் அதுவே ஒரு வேண்டுதலாகிவிட்டது. பிற்பகலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மாமாவைச் சுற்றிப் பாயில் உட்காருவார்கள். அவர் முதுகிலிருந்து எழும்பும் கொசு தன் தோளில் வந்து உட்காரட்டும் என்று காத்திருப்பார்கள். கடித்தால் நமக்கும் அருள் வரும் என்ற நினைப்பு. பேச்சே இருக்காது. அத்தனை பேர் அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொசுவின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சங்கு ஊதும். மாமாவின் கை மண்ணில் அடிக்க ஆரம்பிக்கும். பூசாரி அந்த அடிக்குச் சரியாக உடுக்கையைத் தட்டுவார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முகாமில் கொசுவுக்குக் கை கொடுத்த நான், அந்தப் பாயில் மட்டும் உட்காரவே இல்லை.

என் பயம் அப்போது அக்காவைப் பற்றித்தான். அவள் அந்த வீட்டிலேயே படுத்து எழுந்திருக்கிறவள். நம் ஊர்க் கொசு விதையைக் கொல்லும் என்று டாக்டர் சொன்னது சிப்பாய்களைக் கடித்த கொசுவை வைத்து. இந்த வீட்டுக் கொசு எப்படியோ யாருக்குத் தெரியும். அதனால் ஒரு நாள் ரப்பர்க் குழாய் வைத்த கண்ணாடி உறிஞ்சியோடு உள்ளே போனேன். ஒரு முனையை வாயில் வைத்து மெல்ல இழுத்தால் கொசு அடிபடாமல் கண்ணாடிக்குள் வந்துவிடும்.

பூசாரி கையை நீட்டி மறித்தார்.

"இன்னாடா அது வாயில?"

"கொசுவை அடிக்க மாட்டேங்க. உசுரோட எடுத்துகினு போயி, என் ரத்தத்தை ஊத்தி வளர்க்கப் போறேன்."

அது பொய்யில்லை. அவர் முகம் மாறியது. என்னைப் பெரிய பக்தன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு வழி விட்டார். அந்த நேரத்துக்கு அந்த வார்த்தை என் வாயில் வந்தது பாருங்கள், அந்த வாயை வைத்துத்தான் பிற்காலத்தில் பஸ் வாங்கினேன்.

மாமாவின் முதுகிலிருந்து வயிறு சிவந்த கொசுக்களாகப் பொறுக்கிக்கொண்டு முகாமுக்குப் போனேன். டாக்டர் ஒன்றை உடனே வெட்டினார். அதன் வயிற்றில் இருந்தது இன்னும் உறையாத மாமாவின் ரத்தம். அதற்குள் விதை உயிரோடு இருந்தது. ஊசி போடாமல், மாமாவுக்கே தெரியாமல், அவர் நோயை நான் கொசுவை விட்டுக் கண்டுபிடித்தேன். மற்றக் கொசுக்களை என் கையைக் கொடுத்து வளர்த்தேன். என் கையில் மாமாவின் நோய் ஏறுமோ என்று டாக்டருக்குக்கூட முகம் சுருங்கியது, எனக்குச் சுருங்கவில்லை. உரிய நாள் ஆனதும் வெட்டிப் பார்த்தார். எல்லா வயிறும் சுத்தம். விதை ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆக அக்காவுக்குப் பயமில்லை. பாயில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் பயமில்லை, அவர்கள் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அருளும் வராது. பயம் ஒருவருக்குத்தான். கொசு கொல்வதை மாமாவின் உடம்பால் கொல்ல முடியவில்லை. அவர் இடது விலாவுக்குக் கீழே கட்டி மாதிரி வீங்கியிருப்பதை நான் சொன்னதும் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். அது மண்ணீரல், வெடித்தால் ஆள் போய்விடுவார், உடனே கூட்டிவா என்றார்.

நடுக்கம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனேன். மாமா பின்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். முகாமுக்கு வாங்க, மாத்திரை இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொசு வயிற்றில் பார்த்ததையும், கறுப்புப் புள்ளியையும்கூடச் சொன்னேன். கறுப்பு ஓட்டுக்குள் வைத்து மூடுகிற கதையைக் கேட்டதும் அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அந்தக் கொசு கெட்டிக்காரி மச்சான்," என்றார். "அதுகிட்ட எல்லாருக்கும் பெட்டி இருக்குது."

எனக்குப் புரியவில்லை. அவர் தொடர்ந்தார்.

"அங்க நான் செஞ்சது பொணப்பெட்டி. சிப்பாயிங்களுக்கு. மொதல்ல அளவு எடுத்துச் செஞ்சோம். பொறவு அளவும் கெடையாது, பலகையும் கெடையாது. அளவு எடுத்தும் பெட்டி கெடைக்காதவங்க இருக்காங்க. எனக்கு நடுக்கம் வர்றப்போ வந்து வரிசையா நிக்கறாங்க. நான் அடிக்கிறேன், அவங்க படுக்கிறாங்க. மாத்திரையைப் போட்டு நிறுத்திட்டா அவங்க எங்க போவாங்க?"

பட்டப்பகல். கோழி மேய்ந்துகொண்டிருந்தது. கரும்பு ரயில் போகிற சத்தம் கேட்டது. எனக்கு முதுகுப்பக்கம் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்காமலே எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தாளிக்கக் கூடாத அடுப்பில் வெறும் கஞ்சியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்:

"எனக்குச் சாமியும் வாணாம், செத்தவனும் வாணாம்டா. எம் புருசன் வேணும். மாத்திரையை எங்கிட்ட குடு."

ஆள் வர மாட்டார் என்று சொன்னதும் டாக்டர் என்னிடம் கொடுத்தனுப்பிய மாத்திரை மஞ்சள் நிறம், வேப்பிலையைவிடக் கசப்பு. பூசாரி தரும் உருண்டையை வாங்கி ஊட்டுகிறவள் அக்காதான். மாத்திரையைப் பொடி செய்து உருண்டைக்குள் வைத்தாள். கசப்புக்குள் கசப்பு, யாருக்குத் தெரியப்போகிறது. யோசனை அவளுடையது என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மாத்திரை கொண்டுவந்தவன் நான் என்பதை அவள் மறுக்கவில்லை.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு, அதை டாக்டர் எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார். சில நாளில் மாமாவின் தோல் மஞ்சளாக மாறியது. முகம், மார்பு, உள்ளங்கை எல்லாம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி மின்னியது. மாட்டிக்கொண்டோம் என்று நான் நினைத்தேன். பூசாரி வந்து பார்த்தார். மாமாவின் கையை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மஞ்சள் ஒட்டவில்லை, போகவும் இல்லை. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆத்தா தன் கையாலேயே மஞ்சள் பூசிவிட்டாள் என்று செய்தி லவுத்தோக்கா கடைத்தெரு வரை போனது. சங்கத்துப் பெரியவர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தது அப்போதுதான்.

வெளியே கூட்டம் ஏற ஏற, உள்ளே காய்ச்சல் இறங்கியது. நடுக்கம் முதலில் குறைந்தது, பிறகு லேசாக ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். விலாவில் வீக்கம் வற்றியது. அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணால் சிரித்தாள். எனக்குத்தான் கவலை. இத்தனை பேர் நடுவில் நடுக்கம் வராமல் போனால் பூசாரி என்ன சொல்வார், ஜனங்கள் அக்காவை என்ன செய்வார்கள்.

அந்தப் பிற்பகல் வந்தது. பாயில் இடமில்லாமல் முற்றம் வரை உட்கார்ந்திருந்தார்கள். கொசு மட்டும் பறந்தது. மஞ்சள் உடம்போடு மாமா நடுவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னாலேயே இருந்தேன். மில் சங்கு ஊதியது. ஊதி முடிந்தது.

ஒன்றுமில்லை. பூசாரியின் கை உடுக்கையின் மேல் அப்படியே நின்றது. யாரோ ஒருவர் இருமினார். மாமா கண்ணைத் திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக, தலையிலிருந்து கால் வரை, காலிலிருந்து தலை வரை பார்த்தார். பலகை அறுக்கும் முன் தச்சர் பார்க்கிற பார்வை அது. பார்க்கப்பட்டவர்கள் அவர்களை அறியாமலே முதுகை நிமிர்த்தினார்கள். பிறகு அவர் வலது கை எழுந்தது. விழுந்தது. பல் கடகடவென்று அடித்தது. உடம்பு முழுவதும் முன்பைவிட வேகமாக நடுங்கியது.

பூசாரி உடுக்கையை அடித்தார். நான் மாமாவின் முதுகில் கையை வைத்தேன். அனல் இல்லை. வாழைத்தண்டு மாதிரி ஜில்லென்று இருந்தது.

அந்த முதுகில் உட்கார்ந்திருந்த கொசுக்களில் நன்றாகக் குடித்திருந்த ஒன்றை உறிஞ்சிக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் முகாமுக்கு ஓடினேன். டாக்டர் வெட்டினார். நெடுநேரம் பார்த்தார். எனக்கும் காட்டினார். அது மாமாவின் ரத்தம்தான், அதில் விதை இல்லை. ஆள் பிழைத்துவிட்டான் என்று என் தோளைத் தட்டினார். அப்படியானால் ஏன் நடுங்குகிறார் என்று கேட்டேன். அவர் தகட்டைக் கழுவப் போனார்.

அக்காவுக்கு அவள் புருஷன் கிடைத்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சள் வெளுத்தது, கூட்டம் மெதுவாகக் கலைந்தது, முகாமும் கலைந்து போனது. மாமா நெடுநாள் இருந்தார். என் முதல் பஸ்ஸுக்கு மரக்கூடு கட்டியது அவர்தான், அந்த மாதிரி கூடு அதற்குப் பிறகு யாரும் கட்டவில்லை. ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிற்பகலில் மில் சங்கு ஊதினால், கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு உட்காருவார். காய்ச்சல் கிடையாது. நடுங்குவார், அடிப்பார். முடிந்ததும் எழுந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடருவார். கை புண்ணாகிறது என்று அக்கா அந்த நேரத்தில் ஒரு பலகைத் துண்டைக் கையடியில் வைப்பாள்.

அந்தப் பலகை இப்போது என் வீட்டில் இருக்கிறது. நடுவில் கையளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. பலகை வெளுத்துவிட்டது, குழி மட்டும் கறுத்திருக்கிறது. என் மருமகள் ஒரு தடவை அதில் பூந்தொட்டி வைத்தாள். நான் எடுத்துவிட்டேன். பெட்டி கிடைக்காத யாருக்காக அவர் அந்த இடத்தைச் செய்தாரோ, அவர்களுக்கே இருக்கட்டும்.